கலாசாலைப் பதிவேடும் கலசப்பாக்கத்துத் தறியும்

மகாத்மா காந்தி சீமையில் பாரிஸ்டரான வரலாற்றை அறியாத தேச ஊழியர் நம்மில் அநேகமாக இரார். அந்நாளில் பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது; தவணைகளையும் பூர்த்தி செய்யவேண்டும். தவணையைப் பூர்த்தி செய்வதாவது, ஒவ்வொரு தவணையிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையான விருந்துகளுக்கு இன்னர் டெம்பிள் என்னும் ஸ்தாபனத்தின் மண்டபத்தில் ஆஜராவதேயாகும். இவ்வாறு 12 தவணைகள். விருந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் வக்கீல் தொழிலுக்கு யோக்கியதை எங்ஙனம் வரும் என்பது தமக்கு அப்பொழுதும் விளங்கவில்லை, பின்பும் விளங்கவில்லை என்ற கருத்தைத் தமது சுயசரிதையில் அவரே தெரிவித்திருக்கிறார். 1891-ஆம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி பாரிஸ்டரானார், நாடு திரும்பினார். பம்பாய் ஸ்மால்காஸ் கோர்ட்டில் மமிபாய் என்ற அம்மையின் சிறு வழக்கை 30 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது, ஒரு கேள்வியும் நாவில் எழவில்லை. வழக்கை வேறொரு வக்கீலிடம் ஒப்புவிக்கும்படி சொல்லிவிட்டு வெளியேறினார். உலகமே வணங்கிய ஒரு பெரியாருக்கு நேர்ந்த இந்த அவமானத்திற்கு அவருடைய கூச்சம் ஒரு காரணம். கைப்பழக்கம் இல்லாத படிப்பு மற்றொரு காரணம்.

அதே 1891-ஆம் வருஷத்தில்தான் சென்னையில் சட்டக் கலாசாலை ஏற்பட்டது. அதற்குப்பின் நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. இப்போது திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி, செங்கற்பட்டு, வேலூர், விழுப்புரம் முதலிய பல ஊர்களிலும் ஸர்க்கார் சட்டக் கலாசாலைகள் இருக்கின்றன. 1997-ல் டாக்டர் அம்பேத்கர் பெயரால் சட்டத்துக்கென்றே ஒரு ஸர்வகலாசாலையும் ஏற்பட்டது. நெசவாளர் மகனும், கூலிக்காரர் மகளும் சட்டம் படிக்கும் காலம் வந்திருக்கிறது. இதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும், சீமையில் விருந்து எந்த ஸ்தானத்தை வகித்ததோ, அந்த ஸ்தானத்தை இங்கே 'ஸர்டிபிகேட்' வகிக்க வந்துவிட்டதோ என்ற ஐயம் நமக்கு உண்டு. செய்முறைப் பாடங்களுக்கும் சட்ட உதவி கிளினிக்குகளுக்கும் மாணவர்கள் பெயர் பதிவு செய்துகொள்ளும் முறையைக் கவனித்தால் இந்த ஐயம் வலுக்கவே செய்கிறது.

விதி கூறுவது யாது?

விதியில் குறை சொல்ல அதிக இடமில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்திய பார் கவுன்ஸில் 2008-ஆம் வருஷத்தில் இயற்றிய சட்டக் கல்வி விதிகளின்படி, ஒவ்வொரு மாணவரும் நான்கு செய்முறைப் பாடங்களில் தேறியாக வேண்டும். பிராது, பதிலுரை, பத்திரங்கள் எழுதுதல் ஒன்று. தொழில் ஒழுக்கமும் கணக்கு முறையும் ஒன்று. கோர்ட்டுக்கு வெளியே வழக்கைத் தீர்க்கும் சமரச முறைகள் ஒன்று. மாதிரி நீதிமன்றமும் பயிற்சிக் காலமும் ஒன்று. இவற்றுக்குத் தனியே பெயர் கொடுக்க வேண்டியதில்லை. அந்தந்தப் பருவத்தில் பெயர் பதிவாகும்போதே இவையும் சேர்ந்து வருகின்றன.

எழுதும் பாடத்தில் பிராது முதலியவற்றில் 15 பயிற்சிகள், அவற்றுக்கு 45 மார்க்கு. பத்திரங்களில் 15 பயிற்சிகள், அவற்றுக்கு 45 மார்க்கு. நேர்முக விசாரணைக்கு 10 மார்க்கு. நான்காவது பாடத்தில் மாணவர் மூன்று மாதிரி வழக்குகளில் வாதாட வேண்டும். ஒரு சிவில் வழக்கையும் ஒரு கிரிமினல் வழக்கையும் கோர்ட்டில் இருந்து கவனித்து எழுத வேண்டும். வக்கீல் ஆபீஸிலோ சட்ட உதவி ஆபீஸிலோ கட்சிக்காரரை விசாரிக்கும்போது இரண்டு தடவை உடனிருந்து குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

இதற்கு மேலும், ஐந்து வருஷப் படிப்பில் 20 வாரங்களும், மூன்று வருஷப் படிப்பில் 12 வாரங்களும் வெளியிடத்தில் பயிற்சி பெறவேண்டும். ஒரு வருஷத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் ஆகாது. எங்கே பயிலலாம் என்பதற்கு விதி நீண்டதொரு ஜாபிதா கொடுக்கிறது. வக்கீல்கள், நீதிபதிகள், சட்டசபை, கம்பெனிகள் என்பவற்றோடு தொண்டு ஸ்தாபனங்களும் ஸ்தல ஸ்தாபனங்களும் அந்த ஜாபிதாவில் இருக்கின்றன. அதாவது, சென்னையிலுள்ள பெரிய வக்கீல் கம்பெனிக்கு எவ்வளவு இடம் உண்டோ, அவ்வளவு இடம் கலசப்பாக்கம் ஊராட்சி ஒன்றிய ஆபீஸுக்கும் உண்டு. இதை எத்தனை மாணவர்கள் அறிவார்கள்?

அது மட்டுமன்று. பத்து வருஷ அனுபவமுள்ள, மாணவர்களை ஏற்க இசையும் மூத்த வக்கீல்களின் பெயர்களை ஜில்லாவாரியாகத் தொகுக்க வேண்டுமென்று மாகாண பார் கவுன்ஸில்களுக்கு அவ்விதிகள் கட்டளையிடுகின்றன. ஒவ்வொரு கலாசாலையும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், கடைசி வருஷ மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி கிளினிக் ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்றும் சொல்லுகின்றன. அந்த உதவி பொதுவாக எந்தப் பிரதேசத்துக்கு உரியது என்பதையும் விதி குறிக்கிறது. கலாசாலையின் மாணவ சமூகம் எந்தப் பிரதேசத்திலிருந்து வருகிறதோ அந்தப் பிரதேசத்துக்கே உரியது. நமது கட்டுரை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதே.

பதிவு நடக்கும் விதம்

பெயர் பதிவு நான்கு வாயில்களால் நடக்கிறது. முதல் வாயில், மேலே கண்ட கட்டாயப் பாடங்கள். இரண்டாவது, பயிற்சி வாரங்கள். இதற்கு மாணவர் கலாசாலையில் அறிமுகக் கடிதம் பெற்று, ஒரு வக்கீலையோ ஸ்தாபனத்தையோ தாமே தேடிச் சென்று, குறிப்பேடு எழுதி, பயிற்சி கொடுத்தவரிடமும் ஆசிரியரிடமும் மதிப்பீடு பெறவேண்டும். மூன்றாவது, கலாசாலையின் சட்ட உதவி கிளினிக். அதற்குப் பொறுப்பான ஆசிரியரிடம் பெயர் கொடுப்பது. நான்காவது, ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழு தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கும் சட்டத் தன்னார்வலர் பதவி. சட்ட மாணவர்களும், வக்கீலாகப் பதிவாகும் வரையில், அதற்குத் தகுதியுள்ளவர்களே.

இந்நான்கில் இரண்டாவது வாயிலே மாணவர்களின் கவலையெல்லாம் விழுங்குகிறது. தேடிச் செல்வது என்றால் யாரைத் தேடுவது? தகப்பனாரோ மாமாவோ வக்கீலாக இருப்பவருக்கு இது ஒரு கேள்வியே அன்று. தலைமுறையில் முதன்முதலாகக் கறுப்புக் கோட்டைக் காணும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது மலை. சென்னைக்குச் சென்றால் தங்குமிடத்திற்கும் சாப்பாட்டிற்கும் வண்டிச் சத்தத்திற்கும் பணம் வேண்டும்; பயிற்சிக்குச் சம்பளம் கிடைப்பது அபூர்வம். பணமும் சிபாரிசும் இல்லாதவர் என்ன செய்வார்? தெரிந்த ஆபீஸில் ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு, குறிப்பேட்டை நண்பனுடையதைப் பார்த்து எழுதி, மார்க்கைப் பெற்றுவிடுவார். அவரைக் குறை கூறி என்ன பயன்? விருந்து மண்டபத்துக்கு ஆஜரானால் போதும் என்று நாம் சொல்லிவிட்டு, ஏன் பசியாறவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

படிப்பு முடிந்தபின் பழகிக்கொள்ளட்டுமே என்பார் உண்டு. அந்த வாயில் அடைபட்டதை அவர்கள் கவனிக்கவில்லை. 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தில், பதிவுக்கு முன் பயிற்சியும் பரீட்சையும் முதலில் இருந்தன. 1973-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அதை நீக்கிற்று. 1995-ல் பார் கவுன்ஸில் ஒரு வருஷப் பயிற்சியைத் தன் விதியால் மறுபடி கொண்டுவந்தது. அவ்வாறு விதிக்க அதற்கு அதிகாரமில்லை என்று சுதீர் வழக்கில் 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பின்னர் வந்த அகில இந்திய பார் பரீட்சையை 2023-ல் அரசியல் சாசன பெஞ்சு ஊர்ஜிதம் செய்தது. பரீட்சை நிலைத்தது; பயிற்சி நிலைக்கவில்லை. பதிவுக் கட்டணம் சட்டத்தில் கண்ட 750 ரூபாய்க்கு மேற்படலாகாது என்றும், ஷெட்யூல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேற்படலாகாது என்றும் 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியதால், தொழிலின் வாசற்படி ஏழைக்குத் தாழ்ந்திருக்கிறது. நல்லதே. ஆனால் படியேறி உள்ளே வருபவர் கையில் தொழில் இருக்க வேண்டாமா? அதைக் கொடுக்கும் இடம் இன்று கலாசாலை ஒன்றுதான்.

கலசப்பாக்கத்திலிருந்து ஒரு மாணவர்

இனி, கலசப்பாக்கத்துக்குச் செல்வோம். திருவண்ணாமலை ஜில்லாவில், செய்யாற்றின் கரையில், பர்வதமலையைக் கண்ணுக்கெதிரே கொண்டு நிற்கும் தாலூகாத் தலைநகர் அது. ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற நெசவின் வட்டாரம். அவ்வூர் நெசவாளர் ஒருவரின் மகன் சட்டக் கலாசாலையில் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறைக்கு வீடு வருகிறார். திண்ணையை அடுத்த அறையில் தகப்பனார் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். தாயார் ராட்டையில் தார் சுற்றுகிறார். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறியில் உட்காரும்போதே ஒரு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் தீரும்வரை வேறொருவருக்கு நெய்யக் கூடாது என்பது பேச்சு. சென்ற வருஷம் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்காகத் தாயார் வட்டிக்குப் பணம் வாங்கினார். தொகை எழுதாத புரோநோட்டில், ஸ்டாம்பின் மேல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மகன் தம் பெட்டியிலிருந்து பயிற்சி நோட்டை எடுக்கிறார். பத்திரப் பயிற்சிகள் பதினைந்தில் ஒன்று, புரோநோட்டு எழுதுதல். அழகாக எழுதி, மூன்று மார்க்குக்கு இரண்டரை மார்க்கு வாங்கியிருக்கிறார். ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரத்தை ஒருவர் கையில் கொடுத்தால், அந்த ஸ்டாம்புக்கு அடங்கிய தொகையை அவர் நிரப்பிக்கொள்ள மேலெழுந்தவாரியாக அதிகாரம் கொடுத்ததாகும் என்பது 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவு. அப்பிரிவையும் பரீட்சையில் எழுதியவரே அவர். ஆனால் தாயார் கையெழுத்திட்ட காகிதமும் தாம் எழுதிய பயிற்சியும் ஒரே வஸ்து என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஏனெனில், அந்தக் காகிதத்தைப்பற்றி ஒரு மனிதரைக் கேள்வி கேட்க அவருக்கு எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. நேயர்களே, செய்முறைப் பாடம் இல்லாத படிப்பு என்று நாம் சொல்வது இதையே.

கேட்கத் தெரிந்தவராயின் அந்த வீட்டிலேயே எத்தனை விஷயங்கள் கிடைக்கும்! முன்பணம் வாங்கியவர்களெல்லாம் கொத்தடிமைகள் அல்லர். ஆனால் முன்பணத்திற்காக, வேறிடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தையோ, விருப்பப்படி சென்று வரும் உரிமையையோ ஒருவர் இழந்திருந்தால், 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பேச ஆரம்பிக்கிறது. எந்த வருஷம் வாங்கினீர்கள், எவ்வளவு கழிந்தது, யார் கணக்கு எழுதுகிறார்கள், வேறு தறிக்குப் போவேன் என்றால் என்ன சொன்னார்கள் என்று நான்கு கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டாலொழிய, சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்று தீர்மானிக்க முடியாது. வட்டி அநியாயமானதா என்பதற்கு 2003-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தாயார் பெண்மணியாகையால், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இன்றி, 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி இலவசமாக வக்கீல் உதவி பெற உரியவர். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் வழி சொல்வார்கள். இதைக்கூட அந்த வீட்டில் ஒருவரும் அறியார்.

விசைத்தறியில் நெய்த சரக்கைக் கைத்தறி என்று விற்றால் நஷ்டம் தகப்பனாருக்கு. சேலை, வேட்டி முதலிய பதினொரு வகைச் சரக்குகளில் குறித்த ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சுப்ரீம் கோர்ட்டு 1993-ல் ஊர்ஜிதம் செய்திருக்கிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்தால், நெசவாளருக்குத் தானே கிடைத்ததாகாது. தனித்தனியே விண்ணப்பம் செய்து, அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளர் என்று பதிவாக வேண்டுமென்பது 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 17-வது பிரிவு. பதிவாளர் ஆபீஸ் தூர தேசத்தில் இல்லை; சென்னைக் கிண்டியில்தான் இருக்கிறது. பாரத்தை நிரப்ப ஒரு மாணவருக்கு ஒரு பிற்பகல் போதும். கலாசாலையின் பதிவேட்டில் மகன் பெயர் ஏறினால், அந்தக் குறியீட்டுப் பதிவேட்டில் தகப்பனார் பெயர் ஏறக்கூடும். இரண்டு பதிவுகளுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டு.

சம்பாரணில் நடந்தது

இது ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சரித்திரமே விடை சொல்லும். பம்பாய்க் கோர்ட்டில் நாவெழாது நின்றவர், 1917-ல் பீஹாரில் சம்பாரண் ஜில்லாவுக்குச் சென்றார். அவுரி பயிரிடும்படி வெள்ளைத் தோட்டக்காரர்களால் வருத்தப்பட்ட குடியானவர்கள் அவரைச் சூழ்ந்தனர். பிரஜகிசோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத் முதலிய பெயர் பெற்ற வக்கீல்கள் உதவிக்கு வந்தார்கள். அவர்களிடம் அவர் கேட்டது வாதத் திறமையையன்று. குமாஸ்தா வேலையும் மொழிபெயர்ப்பு வேலையும் செய்யுங்கள் என்றார். அவர்களும் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்களை ஒவ்வொன்றாக எழுதினார்கள். ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்விகள் கேட்டார்கள்; சோதனைக்கு நில்லாததைத் தள்ளினார்கள். இரகசியப் போலீஸ் உத்தியோகஸ்தர் அருகிலேயே இருக்க, அதைப் பொருட்படுத்தாமல் எழுதினார்கள். அந்தக் காகிதக் கட்டுகளின் பலத்தால் விசாரணைக் கமிட்டி ஏற்பட்டது. 1918-ல் சம்பாரண் நிலச் சட்டம் பிறந்தது. இந்நாட்டின் முதல் பெரிய சட்ட உதவி கிளினிக் அதுவே என்று நாம் சொல்வோம். பின்னாளில் குடியரசின் முதல் தலைவரான ராஜேந்திர பிரசாத் அதில் ஒரு குமாஸ்தா.

அங்கே செய்த வேலைகளில் மாணவரால் செய்ய முடியாதது எது? கேட்பது, எழுதுவது, சரிபார்ப்பது, உரிய இடத்தில் சேர்ப்பது இவ்வளவுதான். இன்று நம் நாட்டு மாணவர் கோர்ட்டில் எழுந்து வாதாட முடியாது. அது வக்கீலாகப் பதிவானவர்க்கே உரியது. அமெரிக்காவிலோ, பல ராஜ்யங்களில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் ஏழைக் கட்சிக்காரருக்காகக் கோர்ட்டிலேயே நிற்க விதி இடங்கொடுக்கிறது. ஹார்வர்டு மாணவர்கள் 1913-லேயே சட்ட உதவிச் சங்கம் கண்டார்கள். வைத்திய மாணவர் நோயாளியின் படுக்கையருகே கற்பதுபோல் சட்ட மாணவரும் கற்கவேண்டும் என்று ஜெரோம் பிராங்க் என்ற அறிஞர் 1933-ல் வற்புறுத்தினார். நம் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2011-ஆம் வருஷத்து விதிகளும், சட்டப் பணிக் கிளினிக்கை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே ஒப்பிடுகின்றன. கலாசாலைகள் நடத்தும் கிளினிக்குகளையும் அந்தப் பதத்தில் சேர்க்கின்றன. மாணவர்கள் கிராமத்தைத் தத்தெடுத்துக்கொள்ளவும் அவ்விதிகளில் இடமுண்டு. 1976-ல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 39-ஏ ஷரத்து, வறுமை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்ற கடமையை ஸர்க்காரின் தலைமேல் வைத்திருக்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை, அதைத் தூக்கிக்கொண்டு தாலூகாவுக்கு நடப்பவர்களுக்கே பஞ்சம்.

ஒரு ஆக்ஷேபம்

ஏழைகளைப் பழகும் பொருளாக மாணவர் கையில் கொடுப்பதா என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். இந்த ஆக்ஷேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. தவறான யோசனையால் ஒரு வழக்கின் காலக்கெடு கடந்துவிட்டால், அதன் பலனை அனுபவிப்பவர் மாணவர் அல்லர், நெசவாளரே. இரகசியத்தைப் பற்றிய சங்கடமும் உண்டு. 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அமுலில் உள்ள புதிய சாட்சியச் சட்டம், வக்கீல், அவருடைய குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்குக் கட்சிக்காரர் சொன்னவற்றைக் காக்கும் கடமையை விதிக்கிறது. மாணவர் என்ற சொல் அதில் இல்லை. ஆகையால், வக்கீலோ வக்கீலாக இருந்து பழகிய ஆசிரியரோ உடனிராமல் மாணவர் தனித்து யோசனை கூறலாகாது, கையெழுத்திடலாகாது, ஒரு பைசா வாங்கலாகாது. பெயர் பதிவு செய்யும் நாளிலேயே இம்மூன்றையும் எழுத்தால் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும்.

இதிலிருந்து மற்றொன்றும் பெறப்படும். ஓர் ஆசிரியர் எத்தனை மாணவர்களின் குறிப்புகளை வரிவரியாகப் படித்துத் திருத்த முடியுமோ, அத்தனை பேரையே கிளினிக்கில் சேர்க்க வேண்டும். வகுப்பு முழுவதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, வருஷத்துக்கு ஒரு முகாம் நடத்தி, பந்தலில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது கிளினிக் ஆகாது. முகாமுக்கு வந்த பாட்டியின் பட்டா விண்ணப்பம் என்னவாயிற்று என்று மறுமாதம் கேட்பவர் இருந்தால்தான் அது கிளினிக்.

செய்ய வேண்டுவன

நாம் புதிய சட்டம் கேட்கவில்லை. உள்ள விதியை உயிரோடு நடத்தும்படியே கேட்கிறோம்.

முதலாவது, பதிவுப் பாரத்தில் மாணவரின் சொந்தத் தாலூகாவுக்கு ஒரு பத்தி இருக்கட்டும். நான்கு வாரப் பயிற்சிகளில் ஒன்றையேனும் அவர் அந்தத் தாலூகாவுக்கு உரிய கோர்ட்டிலும், தாலூகா சட்டப் பணிகள் குழுவிலும், ஊராட்சி ஒன்றிய ஆபீஸிலும் கழிக்கட்டும். கலசப்பாக்கத்து மாணவர் வீட்டில் உண்டு, போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறிச் செல்லலாம். சென்னையில் அறை வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ஏழை மாணவருக்கு இது தண்டனையன்று, சௌகரியம். வசதியுள்ள மாணவருக்கு இது தம் ஊரை அறியும் வாய்ப்பு.

இரண்டாவது, ஜில்லாவாரி மூத்த வக்கீல் ஜாபிதாவை ஒவ்வொரு கலாசாலையின் சுவரிலும் ஒட்டி, பெயர் கொடுத்த வரிசைப்படி இடம் வழங்கட்டும். சிபாரிசுக் கடிதத்தால் வரிசை மாறலாகாது. தூரத்தில் இடம் கிடைத்த ஏழை மாணவருக்கு வழிச்செலவைக் கலாசாலை கொடுக்கட்டும்.

மூன்றாவது, தமிழ். கீழ்க் கோர்ட்டுகளில் தமிழில் சாட்சியம் பதியவும் தீர்ப்பெழுதவும் நம் ஆட்சிமொழிச் சட்டம் 1976-ல் திருத்தப்பட்டது. கட்சிக்காரர் பேசுவது தமிழ்; பிராதில் காணும் பாவு, ஊடை, ஜரிகை, கூலி யாவும் தமிழ். முப்பது எழுத்துப் பயிற்சிகளில் பாதியேனும் தமிழில் இருக்க வேண்டும். தாம் எழுதியதைத் தாயாருக்குப் படித்துக் காட்டி, ஆம், இதைத்தான் நான் சொன்னேன் என்று அவர் சொல்லக் கேட்பதைவிட மேலான நேர்முகப் பரீட்சை ஏது?

நான்காவது, கைமாற்றுப் பேரேடு. மாணவரின் பருவம் ஆறு மாதத்தில் முடியும். நெசவாளரின் வழக்கு முடியாது. புரோநோட்டின் மேல் வழக்குத் தொடர மூன்று வருஷம் கெடு இருக்கிறது. அதற்குள் மாணவர் வக்கீலாகி எங்கோ சென்றிருப்பார். ஆகவே ஒவ்வொரு விவகாரமும் எண்ணிட்டுப் பேரேட்டில் ஏறவேண்டும். கடைசி வருஷத்தவருடன் அதற்கு முந்திய வருஷத்தவர் ஒருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். கைமாற்றுக் குறிப்பு எழுதிக் கொடுத்தவருக்கே மார்க்கு என்று வைக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆசிரியர். கிளினிக்கில் செலவிடும் மணியை வகுப்பு மணியாகவே கணக்கிட வேண்டும். அதைப் புண்ணிய காரியமாக விட்டுவிட்டால், புண்ணியவான் மாற்றலாகிப் போன மறுநாள் கதவு மூடப்படும்.

ஊழியர்களுக்கு ஒரு சொல்

இதைப் படிக்கும் அன்பர்களில் பலர் பொது ஊழியத்தில் ஈடுபட்டவர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். கலசப்பாக்கத்திலும், ஆரணியைச் சூழ்ந்த நெசவுக் கிராமங்களிலும், வாரத்தில் ஒரு நாள் பிற்பகல் ஒரு மேஜையும் இரண்டு பெஞ்சுகளும் இந்த மாணவர்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். கட்சிக் கொடியை வாசலுக்கு வெளியே வைத்துவிடுங்கள். தறி முதலாளியும் நெசவாளரும் அஞ்சாமல் படியேற வேண்டுமானால் அந்த இடம் எவருடைய கோட்டையாகவும் இருத்தலாகாது. மாணவர் எழுதுவது முதலாளிக்கு விரோதமான துண்டுப் பிரசுரம் அன்று, உண்மை. கணக்கு நேர்மையாக இருந்தால் அதுவும் அந்தக் காகிதத்தில் ஏறும். சம்பாரணில் சோதனைக்கு நில்லாத வாக்குமூலத்தைத் தள்ளியதால்தான் நின்றவற்றை ஒருவராலும் தள்ள முடியவில்லை.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். பெரிய வக்கீல் கம்பெனியின் பெயர் பொறித்த ஸர்டிபிகேட் அழகானதுதான். அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பருவத்துப் பாரத்தில், பயிற்சி பெற விரும்பும் இடம் என்ற வரிக்கு எதிரே எழுதுமுன், உங்கள் வீட்டிலுள்ள காகிதப் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். பட்டாவில் பாட்டனார் பெயரே இருக்கிறதா, புரோநோட்டில் தொகை எழுதியிருக்கிறதா, கூலி நோட்டில் கழிவுக்குக் காரணம் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முதல் கட்சிக்காரர் அங்கே, தறியில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி நாவில் எழுமானால், பிறகு எந்தக் கோர்ட்டிலும் உங்களுக்குத் தலை சுழலாது.